வானத்திலிருந்து விழுந்த கோடரி!

தரங்கம்பாடிக் கடற்கரையில் இருக்கும் பழைய கோட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? 1620-ஆம் ஆண்டில் அதைக் கட்டியவர்கள் டென்மார்க் நாட்டுக்காரர்கள். வட ஐரோப்பாவில், ஸ்காண்டிநேவிய நாடுகளுள் ஒன்று டென்மார்க். 400-க்கும் மேற்பட்ட தீவுகள் அந்த நாட்டில் உள்ளன. அதன் தலைநகரமான கோபன்ஹேகன்கூட சீலாந்து என்ற தீவின் கரையில்தான் இருக்கிறது.

அந்தத் தீவுகளின் உழவர்கள் பல நூறு ஆண்டுகளாக நம்பி வந்த ஒரு விஷயத்தை இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

இடிக்கல்

வயலை உழும்போது சில சமயம் ஏர்க்கொழுவில் ஒரு கல் தட்டுப்படும். எடுத்துத் துடைத்துப் பார்த்தால் வழவழவென்று இருக்கும். ஒரு பக்கம் கூர்மையாக இருக்கும். யாரோ தீட்டி வைத்தது போலத் தோன்றும். ஆனால், கல்லில் கோடரி செய்த மனிதர்களைப் பற்றி அந்த உழவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. அவர்களுக்குத் தெரிந்த கோடரி எல்லாம் இரும்பில் செய்தவைதான்.

அப்படியானால் இந்தக் கல் எங்கிருந்து வந்தது? "மின்னல் வெட்டும்போது வானத்திலிருந்து விழுந்தது" என்றார்கள். அதற்கு 'இடிக்கல்' என்றே பெயர் வைத்தார்கள். அந்த நாடுகளின் பழங்கதைகளில் தோர் என்ற இடி தெய்வம் சம்மட்டியை வீசி எறிவான். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த மண்ணில் இப்படி ஒரு எண்ணம் தோன்றியதில் வியப்பில்லை.

'ஒருமுறை இடி விழுந்த இடத்தில் மறுமுறை விழாது' என்பது அவர்கள் கணக்கு. அதனால் இடிக்கல்லைக் கூரையிலே செருகி வைத்தார்கள். தரைக்கு அடியிலே புதைத்தார்கள். பால் கெடாமல் இருக்கட்டும் என்று பால் பாத்திரங்கள் வைக்கும் பலகையிலும் வைத்தார்கள்!

சிரிப்பு வருகிறதா? கொஞ்சம் பொறுங்கள். மழை கொட்டினால் மேல் மண் கரைந்து ஓடும். புதைந்த கல் வெளியே தெரியும். நேற்று இரவு இடி, இன்று காலை வயலில் பளபளக்கும் கல். நாம் அங்கே இருந்திருந்தால் நாமும் அப்படித்தானே நினைத்திருப்போம்?

பிரித்து அடுக்கியவர்

கோபன்ஹேகனில் கிறிஸ்டியன் தாம்சன் என்பவர் இருந்தார். வணிகர் வீட்டுப் பிள்ளை. 1816-ஆம் ஆண்டில் அரசு சேர்த்து வைத்திருந்த பழம்பொருள்களைக் கவனிக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்து குவிந்து கிடந்தன. எது முந்தியது, எது பிந்தியது என்று யாருக்கும் தெரியாது.

தாம்சன் ஒரு கேள்வி கேட்டார். 'எந்தப் பொருளோடு எந்தப் பொருள் சேர்ந்து கிடைத்தது?' ஒரே கல்லறையில் ஒன்றாகக் கிடைத்தவை ஒரே காலத்தவையாக இருக்க வேண்டும் அல்லவா? இப்படிப் பார்த்துப் பார்த்து அடுக்கியதில் மூன்று காலங்கள் தெளிவாகத் தெரிந்தன. 1836-இல் வெளிவந்த ஒரு வழிகாட்டி நூலில் அவற்றை அவர் விளக்கினார். அவை என்ன தெரியுமா? கற்காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம்! ஆம், உங்கள் வரலாற்றுப் பாடத்தில் வரும் அதே பெயர்கள்தான்.

இடிக்கல் வானத்திலிருந்து விழவில்லை. கற்கால மனிதர்கள் சிக்கிமுக்கிக் கல்லை உடைத்துச் செதுக்கி, மணற்கல்லில் பல மணி நேரம் தேய்த்துச் செய்த கோடரி அது.

வெட்டிப் பார்த்தவர்கள்

"கல்லால் மரத்தை வெட்ட முடியுமா?" என்று நீங்கள் கேட்பீர்கள். நல்ல கேள்வி! ஃபூன் என்ற தீவில் செஹெஸ்டெட் என்ற நிலக்கிழாருக்கும் இதே சந்தேகம் வந்தது. 1879-இல் கல் கருவிகளை மட்டுமே கொண்டு ஒரு மரவீட்டையே கட்டச் செய்து காட்டினார்.

பிறகு 1950-களில், டென்மார்க்கின் தென்பகுதியில் உள்ள டிராவெட் காட்டில் அறிஞர்கள் சிலர் மீண்டும் சோதித்தார்கள். உண்மையான பழங்காலக் கற்கோடரிகளுக்கு மரப்பிடி போட்டு வெட்டினார்கள். இரும்புக் கோடரியைப் போல ஓங்கிப் போட்டபோது கல்லின் விளிம்பு உடைந்தது. பிறகு முழங்கையையும் மணிக்கட்டையும் மட்டும் அசைத்து, சின்னச் சின்ன வெட்டுகளாக வேகமாக வெட்டினார்கள். மரங்கள் சாய்ந்தன! மூன்று பேர் நான்கு மணி நேரத்தில் சுமார் 500 சதுர மீட்டர் காட்டை வெட்டிவிட்டார்கள். ஒரே கோடரியால், இடையில் தீட்டாமலே, நூறு மரங்களுக்கு மேல் வெட்ட முடிந்தது. அதைச் செய்த கைகள் மண்ணாகிப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆன பிறகும் கூர் மழுங்கவில்லை!

அந்தக் கோடரியைச் செய்தவர் பெயர் நமக்குத் தெரியாது. அவருடைய உழைப்பை மறந்து, பெருமையை எல்லாம் இடிக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் ஒன்றையும் மறக்கக்கூடாது. இடிக்கல் என்று நம்பியதால்தான் அந்த உழவர்கள் அதைத் தூக்கி எறியாமல் வீட்டிலே பத்திரமாக வைத்திருந்தார்கள். அப்படிக் காப்பாற்றிய கற்கள் ஆராய்ச்சிக்கும் உதவின. எனவே, முன்னோரின் நம்பிக்கையைக் கேலி செய்யாதீர்கள். ஆனால் கேள்வி கேட்காமலும் இருக்காதீர்கள்.

உங்கள் ஊரில் மண் தோண்டும்போது வினோதமான கல்லோ பானை ஓடோ கண்ணில் பட்டால் என்ன செய்வீர்கள்? அதைச் சுரண்டாதீர்கள், இடத்தை விட்டு எடுக்காதீர்கள். அருகில் வேறு என்ன கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டு, உடனே உங்கள் ஆசிரியரிடம் சொல்லுங்கள். தாம்சன் கேட்ட கேள்வி நினைவிருக்கிறது அல்லவா? எதோடு சேர்ந்து கிடைத்தது என்பதில்தான் பாதிக் கதை இருக்கிறது!