உஷார்! உங்கள் மேஜையில் 30 நாள் ஓடிக்கொண்டிருக்கிறது

2025 மார்ச் 3, திங்கள்கிழமை. எதிர்த்தரப்பு அட்டர்னி ஓர் உறையைத் தபாலில் போடுகிறார் என்று வையுங்கள். உங்கள் அலுவலகத்துக்கு அது வந்து சேர்வது மார்ச் 10. வழக்கம்போல வரவு முத்திரை குத்துகிறீர்கள். அன்றிலிருந்து 30 நாள் எண்ணி, தபாலுக்கு 3 நாள் கூட்டுகிறீர்கள். வருவது சனிக்கிழமை. அதைத் திங்களுக்குத் தள்ளி, காலண்டரில் ஏப்ரல் 14 என்று குறிக்கிறீர்கள். கூட்டலில் பிழை இல்லை. எண்ணத் தொடங்கிய நாள்தான் தப்பு. தபாலில் போட்ட நாளே சார்வு செய்த (சட்டப்படி சேர்ப்பித்த) நாள் என்கிறது அமெரிக்கக் கூட்டாட்சி சிவில் நடைமுறையின் 5ஆம் விதி. மார்ச் 3இலிருந்து எண்ணினால் ஏப்ரல் 2. மூன்று நாள் கூட்டினால் ஏப்ரல் 5, சனி. ஆக, உண்மையான கெடு ஏப்ரல் 7, திங்கள். முழுசாக ஒரு வாரம் தவறவிட்டிருக்கிறீர்கள்.

உறைக்குள் இருந்தது ‘ரிக்வெஸ்ட் ஃபார் அட்மிஷன்’ என்றால் விபரீதம். “லாரியின் பிரேக் பழுது என்று விபத்துக்கு முன்பே உங்களுக்குத் தெரியும், ஒப்புக்கொள்கிறீர்களா?” என்பது மாதிரி வரிசையாகக் கேட்டிருப்பார்கள். 30 நாளுக்குள் எழுத்தில் பதிலோ ஆட்சேபமோ போகவில்லை என்றால், 36ஆம் விதிப்படி அத்தனையும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். நம் ஊரில் மௌனம் சம்மதம் என்போம். அங்கே அது சட்டம். நீதிபதி உத்தரவு போட வேண்டியதில்லை, எதிர்த்தரப்பு ஒரு மனுகூடப் போட வேண்டியதில்லை. அதன்பின் அந்த ஒப்புதலை விலக்கிக்கொள்ள நாம்தான் மனுப் போட்டு நீதிமன்றத்திடம் கெஞ்ச வேண்டும். கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை.

சென்னையிலும் கோவையிலும் உட்கார்ந்து அமெரிக்கச் சட்ட நிறுவனங்களுக்கு வேலை பார்க்கும் நம் பிள்ளைகளையும், அங்கேயே குடியேறி லீகல் செக்ரட்டரியாகவோ பாராலீகலாகவோ வேலையைத் தொடங்கியிருக்கும் நம்மவர்களையும் நினைத்துத்தான் பதறிப்போய் இதை எழுதுகிறேன். டிஸ்கவரி என்றால் என்ன, இன்டர்ராகட்டரி என்றால் என்ன, டெபொசிஷன் என்றால் என்ன என்று விளக்கம் சொல்லிக்கொடுத்துச் சான்றிதழ் தரும் வகுப்புகள் நிறைய. விளக்கம் தெரியாமல் யாரும் மாட்டிக்கொள்வதில்லை. தேதியிலும், கையெழுத்திலும், ‘அனுப்பு’ பொத்தானிலும்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த மூன்றும் பெரும்பாலும் அட்டர்னியின் கையில் இல்லை, உங்கள் கையில் இருக்கின்றன.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். நடக்கும் வழக்கில் மனு வந்தால், உத்தரவு வந்தால் நீதிமன்றத்தின் மின்னணு அமைப்பிலிருந்து அறிவிப்பு வரும். விசாரணைக்கு முன் தரப்புகள் ஒன்றிடமிருந்து ஒன்று தகவல் கேட்டுப் பெறும் டிஸ்கவரியின் கேள்விகளுக்கு வராது. அவை ஒரு தரப்பிலிருந்து இன்னொரு தரப்புக்கு நேரே போகிறவை. வழக்கில் பயன்படுத்தும்வரை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவே கூடாது என்பது விதி. ஆகவே உங்களைத் தட்டி எழுப்ப யாரும் இல்லை. உறையைப் பிரித்தவரோ மின்னஞ்சலைத் திறந்தவரோ குறித்தால்தான் உண்டு.

மின்னஞ்சலில் வேறொரு பள்ளம். நியூயார்க்கில் மார்ச் 3 இரவு 8 மணிக்கு அனுப்பியது, சென்னையில் உங்கள் திரையில் மார்ச் 4 காலை 6.30 என்று காட்டும். அதை நம்பி எண்ணினால் ஒரு நாள் போச்சு. மின்னஞ்சலில் சார்வு செய்ய நம் தரப்பு எழுத்தில் சம்மதித்திருக்கிறதா என்றும் கோப்பில் பாருங்கள். சம்மதித்திருந்தால் அந்தக் கூடுதல் 3 நாள் கிடையாது. 2016 டிசம்பரிலேயே அதை எடுத்துவிட்டார்கள். பழைய குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இன்னும் 3 நாள் கூட்டுகிறவர்கள் உடனே அதைக் கிழித்துப் போடுங்கள்.

இதெல்லாம் கூட்டாட்சி நீதிமன்றக் கணக்கு. மாநில நீதிமன்றம் என்றால் வேறு புத்தகம். கலிஃபோர்னியாவுக்குள் தபாலில் வந்தால் 5 நாள் கூடும், மின்னணுவில் வந்தால் நீதிமன்ற வேலைநாள் 2 கூடும். அங்கே இன்டர்ராகட்டரி என்னும் எழுத்துக் கேள்விகளுக்குக் கெடு தவறினால் ஆட்சேபிக்கும் உரிமையே போய்விடும். வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான ரகசியத்தைக் காக்கும் ‘ப்ரிவிலேஜ்’ ஆட்சேபமும் அதோடு சேர்ந்து போகும். நீதிமன்றத்தில் மன்றாடி விலக்குப் பெற்றால்தான் உண்டு. சில சமயம் பதில் நேரத்துக்குப் போயிருக்கும், ஆனால் கட்சிக்காரர் சத்தியம் செய்து போட வேண்டிய ‘வெரிஃபிகேஷன்’ கையெழுத்து இருக்காது. அப்படிப்பட்ட பதில் பதிலே இல்லை என்று அந்த மாநில நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கட்சிக்காரர் ஊரில் இல்லை, போனை எடுக்கவில்லை என்பதெல்லாம் கடைசி நாளில் தெரிந்து பயனில்லை. கேள்விகள் வந்த வாரமே அவருக்குப் போன் போடுங்கள்.

இனி ‘அனுப்பு’ பொத்தான். 2022 ஆகஸ்ட் 3, டெக்சாஸின் ஆஸ்டின் நகரம். சாண்டி ஹூக் பள்ளியில் கொல்லப்பட்ட குழந்தையின் பெற்றோர், வானொலிப் பேச்சாளர் அலெக்ஸ் ஜோன்ஸ் மீது தொடுத்த அவதூறு வழக்கு. சாட்சிக் கூண்டில் இருந்த ஜோன்ஸிடம் பெற்றோரின் வக்கீல் சொன்னார்: உங்கள் வக்கீல்கள் 12 நாளைக்கு முன் உங்கள் செல்போனின் முழு நகலையும் தவறுதலாக எனக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பள்ளியைப் பற்றித் தன் போனில் குறுஞ்செய்தியே இல்லை என்று ஜோன்ஸ் ஏற்கெனவே சத்தியம் செய்திருந்தார். டெக்சாஸ் விதியில், தவறுதலாகப் போனதைத் திரும்பக் கேட்க 10 நாள் உண்டு. இன்ன ஆவணம், இன்ன காரணத்தால் ரகசியம் என்று முறைப்படி சொல்லித்தான் கேட்க வேண்டும். அப்படி யாரும் கேட்கவில்லை என்றார் பெற்றோரின் வக்கீல். உலகமே அதை நேரலையில் பார்த்தது.

அனுப்பும் இணைப்பு எந்தக் கோப்புறையைத் திறக்கிறது என்று, அனுப்புவதற்கு முன் வேறொரு கணினியில் வேறொரு ஆளை விட்டுத் திறந்து பாருங்கள். மறைக்க வேண்டியதைக் கறுப்புக் கட்டம் போட்டு மூடினால் மறைந்துவிடாது. 2019 ஜனவரியில், டிரம்பின் தேர்தல் பிரசாரத் தலைவராக இருந்த பால் மனஃபோர்ட்டின் வக்கீல்கள் தாக்கல் செய்த ஆவணத்தில் கறுப்புக் கட்டத்துக்கு அடியில் இருந்ததைப் பத்திரிகையாளர்கள் பிரதி எடுத்து ஒட்டியே படித்துவிட்டார்கள். அவர் தேர்தல் கருத்துக்கணிப்புத் தரவைப் பகிர்ந்த விவகாரம் அப்படித்தான் வெளியே வந்தது. நீங்களும் அதையே செய்து சோதியுங்கள். கட்டத்தின் மேல் இழுத்து, பிரதி எடுத்து, வெற்றுப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஓர் எழுத்து வந்தாலும் அனுப்பாதீர்கள்.

அழிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. வழக்கு வரும் என்று தெரிந்த கணமே தானாக மின்னஞ்சல் அழியும் ஏற்பாட்டை நிறுத்தச் சொல்லும் கடிதம் போக வேண்டும். போனால் மட்டும் போதாது, நிறுத்தினார்களா என்றும் கேட்க வேண்டும். யுபிஎஸ் (UBS) வங்கி நிறுவனத்துக்கு எதிராக அதன் முன்னாள் ஊழியர் ஸூபுலேக் தொடுத்த வழக்கில், பாதுகாக்கச் சொன்ன பிறகும் மின்னஞ்சல்கள் அழிந்தன. அதை நிறுவனத்துக்குப் பாதகமாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஜூரிக்கு நீதிபதி அனுமதி கொடுத்தார். 2005இல் தீர்ப்பான தொகை 2 கோடியே 93 லட்சம் டாலர்.

எனக்கு மிகவும் கவலை தருவது இதற்கும் அடுத்தது. தப்பு நடந்துவிட்டது என்று முதலில் தெரிந்துகொள்கிறவர் பெரும்பாலும் இளையவர். அனுப்பிய அரை மணியில் வயிற்றைப் பிசையும். வேலை போய்விடுமோ என்று பயந்து, நாளைக்குச் சொல்லலாம், எதிர்த்தரப்பு கவனிக்காது என்று மூடி வைப்பார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் தவறுதலாகப் போன ரகசியத்தைக் காப்பாற்ற, தவறு நேராமல் இருக்க முன்கூட்டியே அக்கறை எடுத்தீர்களா, தெரிந்ததும் உடனே திருத்த முயன்றீர்களா என்றுதான் கூட்டாட்சிச் சாட்சிய விதி 502 கேட்கிறது. நீங்கள் தயங்கும் ஒவ்வொரு மணியும் அந்த ‘உடனே’யைத் தின்கிறது. எதிர்த்தரப்புக்கு நீங்களாக எழுதாதீர்கள். அது அட்டர்னி எழுத வேண்டிய கடிதம். எந்தக் கோப்பு, எத்தனை மணிக்கு, யார் முகவரிக்குப் போனது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, சென்னையில் பகலாகவும் அங்கே நடுராத்திரியாகவும் இருந்தாலும், அட்டர்னியைப் போனில் எழுப்புங்கள்.