69 மில்லியன் டொலர் படம் எந்த சேர்வரில கிடக்கு?



இந்தக் கிழமை எபிசோட்டில ஒரு நேயரின் கேள்வியைப் பாதியில் விட்டுட்டம். "அந்த ஜேபெக்கை நானும் டவுன்லோட் பண்ணி வைச்சிருக்கிறன். பிறகு ஏன் அந்தாள் அவ்வளவு காசு குடுத்தவர்?" மிச்சத்தை இங்க எழுதுறன்.

முதல்ல சம்பவம். 2021 மார்ச் 11ஆம் திகதி கிறிஸ்டிஸ் நிறுவனத்தின் இணைய ஏலத்தில் ஒரு டிஜிட்டல் படம் 69.3 மில்லியன் டொலருக்குப் போனது. பெயர் 'எவ்ரிடேய்ஸ்: த ஃபர்ஸ்ட் 5000 டேய்ஸ்'. பீப்பிள் என்ற பெயரில் இயங்கும் அமெரிக்கக் கலைஞர் மைக் விங்கல்மன், 2007 மே 1 முதல் நாளுக்கு ஒன்றாகச் செய்த 5,000 படங்களை ஒரே சதுரத்துக்குள் அடுக்கியிருந்தார். ஏலம் தொடங்கினது 100 டொலரில். முடிஞ்சபோது, உயிரோடு இருக்கிற கலைஞர்களின் ஏல விலைகளில் ஜெஃப் கூன்ஸுக்கும் டேவிட் ஹொக்னிக்கும் அடுத்த இடம்.

வாங்கினவர் 'மெட்டாகோவன்'. ஒரு கிழமையில் சொந்தப் பெயரை வெளியில் சொன்னார்: விக்னேஷ் சுந்தரேசன். தமிழ்நாட்டுக்காரர், சிங்கப்பூரில் வசிக்கிறவர். இந்தியர்களும் வெள்ளையர் அல்லாதவர்களும் கூடக் கலைக்குப் புரவலர்களாக இருக்கலாம் என்று காட்டுவதே நோக்கம் என்று அவரும் அவரது கூட்டாளியும் எழுதினார்கள். ஒரு தமிழன் அந்த மேசையில் இருந்தது எனக்குச் சந்தோசம்தான், சொல்ல வெக்கமில்லை. ஆனால் பழைய சிஸ்டங்களை இடம் மாத்திக் குடுக்கிறதுதான் என் வேலை. அந்தப் பழக்கத்தில உடனே வந்த கேள்வி: பைல் எங்க இருக்குது?

பிளொக்செயினில் இல்லை. படம் 21,069க்கு 21,069 பிக்சல், கிட்டத்தட்ட 319 மெகாபைட். அவ்வளவு பெரிய பைலை எத்தீரியத்தில் எழுதக் கட்டுப்படியாகாது. அங்க இருக்கிறது 40913 என்ற இலக்கமுள்ள ஒரு டோக்கனும், அது யாருடைய கணக்கில் என்ற பதிவும்தான். டோக்கன் ஒரு சின்ன விவரக் கோப்பைக் காட்டும், விவரக் கோப்பு படத்தைக் காட்டும். இரண்டும் ஐ.பி.எஃப்.எஸ் என்ற பகிர்வு வலையமைப்பில். காப்புரிமைகூட வாங்கினவருக்குப் போகவில்லை, அது பீப்பிளிட்டையே இருக்குது.

ஐ.பி.எஃப்.எஸ்ஸில் முகவரி என்பது பைலின் உள்ளடக்கத்திலிருந்து வருகிற ஹாஷ். ஒரு பிக்சல் மாறினாலும் ஹாஷ் வேற. ஏமாத்த ஏலாது, அது நல்ல விசயம். ஆனால் யாராவது ஒருத்தர் அந்தப் பைலைத் தன் மெஷினில் பிடிச்சு வைச்சிருக்க வேணும். ஒருத்தரும் வைச்சிருக்காவிட்டால், ஹாஷ் பத்திரமாக இருக்கும், படம் இருக்காது.

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. இந்த டோக்கனை உருவாக்கின சந்தை மேக்கர்ஸ்பிளேஸ். விவரக் கோப்பில் படத்துக்கான இணைப்பும் அவர்களுடைய சொந்த கேட்வே வழியாகத்தான் எழுதப்பட்டது. அந்த நிறுவனம் 2025 ஜனவரியில் மூடப்போவதாக அறிவித்தது. படத்தின் விலை போய் நாலு வருசம்கூட ஆகவில்லை.

இப்ப எங்கட ஊருக்கு வாங்கோ. ஹம்பேர்க் குன்ஸ்ட்ஹாலவில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே, காஸ்பர் டாவிட் ஃப்ரீட்ரிக்கின் 'பனிக்கடலுக்கு மேல் நடைப்பயணி' தொங்குது. 1817 அளவில் வரைஞ்சது, ஒரு மீற்றர் உயரம்கூட இல்லை. அதன் படம் புத்தக அட்டையிலும் குவளையிலும் போனிலும் கோடிக்கணக்கில் இருக்குது, அதால மூலத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. 1970இலிருந்து ஹம்பேர்க்கில்தான் இருக்குது. ஏலத்துக்கு வராததால் சாதனை விலையும் இல்லை. ஆனால் வெப்பநிலை, ஈரப்பதன், வெளிச்சம் எல்லாம் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கினம். மறுபக்கம், 2017இல் 450 மில்லியன் டொலருக்கு விற்ற 'சல்வாடோர் முண்டி' அந்த ஏலத்துக்குப் பிறகு பொதுவில் காட்டப்படவே இல்லை. விலை ஒரு விசயம், பராமரிப்பு வேற விசயம்.

இது எங்களுக்குத் தெரியாததா? 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சபோது கிட்டத்தட்ட 97,000 நூல்கள் போச்சு. அச்சுப் புத்தகத்துக்கு எங்கயாவது இன்னொரு பிரதி கிடைச்சது. ஒற்றைப் பிரதியாக இருந்த ஏட்டுச் சுவடிக்கு அந்த வாய்ப்பே இல்லை. இண்டைக்கு நூலகம் திட்டம் எங்கட புத்தகங்களையும் பத்திரிகைகளையும் ஸ்கான் பண்ணி இலவசமாகத் தருகுது. அதற்கு யாரும் ஏலம் கேட்கிறதில்லை, நன்கொடையில்தான் ஓடுது.

ஆக, கேள்வி கேட்ட நண்பருக்கு: விக்னேஷ் சுந்தரேசன் வாங்கினது 'இது இவருடையது' என்ற ஒரு வரிப் பதிவு. அதை நீங்கள் டவுன்லோட் பண்ண ஏலாது. உங்களிட்ட இருக்கிறது பிரதி. செய்தித் தளத்தில் எடுத்த சின்னப் படமெண்டால் ஹாஷ் பொருந்தாது, அதால பிரயோசனம் இல்லை. முழு 319 மெகாபைட்டும் இருந்தால், தயவுசெய்து அழிச்சுப்போடாதேங்கோ. ஒருநாள் அவருக்கே தேவைப்படலாம்.

அடுத்த எபிசோட்டில சந்திப்பம்.