கொக்கியும் கூட்டெழுத்தும்: ஸ்லாவிய மொழிகள் எழுதப்படும் விதம்

ஸ்லாவிய மொழிகளில் 'ஷ' போன்ற உரசொலிகள் ஏராளம். அவற்றை எழுத லத்தீன் நெடுங்கணக்கில் தனி எழுத்துகள் இல்லை. இந்தக் குறையை ஒவ்வொரு மொழியும் தன் வழியில் தீர்த்துக்கொண்டது. அந்தத் தீர்வின் விளைவு இன்றைய கணினி விசைப்பலகை வரை நீள்கிறது.

செக் மொழி குறிகளை நம்பியது. எழுத்தின் தலையில் புள்ளி வைத்து வேறோர் ஒலியைக் காட்டலாம் என்றது 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றிய ஒரு நூல். சமயச் சீர்திருத்தவாதி யான் ஹுஸ் எழுதியதாகக் கருதப்படுவது. அந்தப் புள்ளிதான் பிறகு சிறு கொக்கியாக மாறியது. செக்கில் 'எஸ்' மேல் கொக்கி இட்டால் 'ஷ'. போலிஷ் மொழியிலோ 'எஸ்', 'இசட்' இரண்டையும் அடுத்தடுத்து எழுத வேண்டும். போலிஷ் சொற்களைக் கண்டு வெளியார் மிரள்வதற்கு இத்தகைய கூட்டெழுத்துகளே காரணம். உண்மையில், விதிகள் பழகிவிட்டால் போலிஷைப் படிப்பது எளிது. பிழையின்றி எழுதுவதுதான் பாடு. கடலைக் குறிக்கும் சொல்லும் 'ஒருவேளை' என்ற பொருள் தரும் சொல்லும் ஒரே மாதிரி, ஏறத்தாழ 'மோஜெ' என்று ஒலிக்கின்றன. ஒன்றில் நடுவே 'ஆர்-இசட்' கூட்டெழுத்து, மற்றதில் புள்ளி வைத்த 'இசட்'. முன்பு வெவ்வேறாக இருந்த இரு ஒலிகள் பேச்சில் ஒன்றாகிவிட்டன. எழுத்து பழையபடியே நிற்கிறது.

பேச்சையே பின்பற்ற வேண்டும் என்பதில் செர்பியரான வூக் கராஜிச் பிடிவாதமானவர். ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்ற முறையில் தம் மொழியின் சிரிலிக் எழுத்துமுறையைத் திருத்தி, 1818இல் அகராதி வெளியிட்டார். குரோவாசியரான லியுதேவித் காய் 1830இல் செக் வழியைப் பின்பற்றித் தம் மொழியின் லத்தீன் எழுத்துக்கும் தலைக்குறிகளைப் பரிந்துரைத்தார்.

ஒரே சிரிலிக்கைக் கையாளும் அண்டை மொழிகளும் ஒத்துப்போவதில்லை. பாலை ரஷ்யர்கள் 'மொலொகோ' என்று எழுதி, 'மலகோ' என்பதுபோல் உச்சரிக்கிறார்கள். பெலருசியர்கள் உச்சரிப்பதையே எழுதிவிடுகிறார்கள்.

எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள இந்த இடைவெளியை அளக்க உதவுவது பன்னாட்டு ஒலியெழுத்து. 1886இல் பாரிஸில் தொடங்கிய சங்கம் உருவாக்கிய முறை அது. செக்கின் 'ஷ'வும் போலிஷின் 'ஷ'வும் ஒன்றல்ல, பின்னதில் நா சற்றுப் பின்வாங்குகிறது என்பதை அதில் இருவேறு குறிகளால் காட்ட முடியும். ஆனாலும் ஸ்லாவிய மொழியியலார் பலர் தங்கள் ஆய்வுகளில் செக் கொக்கிகளையே ஒலிக்குறிகளாகப் பயன்படுத்துகிறார்கள்.

விசைப்பலகையில் கொக்கிகளுக்கு இடம் தேட வேண்டியிருந்தது. செக் பலகையில் எண்களின் வரிசையையே அவை பிடித்துக்கொண்டன. எண் வேண்டுமென்றால் ஷிப்டை அழுத்த வேண்டும். கூட்டெழுத்துகளுக்குப் புது விசை தேவையில்லை என்பதால், போலந்தில் ஆங்கிலப் பலகையே ஏறக்குறைய அப்படியே புழங்குகிறது. குறியுள்ள எழுத்துகளுக்கு வலப்பக்க ஆல்ட் விசை. போலிஷில் குறியிட்ட 'இசட்' இரண்டு உண்டு. புள்ளி வைத்தது 'இசட்' விசையிலேயே வருகிறது. மற்றது, போலிஷுக்கு அவ்வளவாகத் தேவைப்படாத 'எக்ஸ்' விசைக்குப் போய்விட்டது. செர்பியர்கள் லத்தீன், சிரிலிக் இரண்டிலும் எழுதுகிறார்கள். பெரும்பாலான எழுத்துகள் இரு பலகைகளிலும் ஒரே இடத்தில் இருக்கின்றன. 'ல்ய' போன்ற சில ஒலிகளுக்கு லத்தீனில் இரண்டு விசைகளைத் தட்ட வேண்டும், சிரிலிக்கில் ஒன்று போதும்.