மானிட்டரே... நீ யார்?

பள்ளி விழாவில் பார்த்திருப்பீர்கள் குட்டீஸ்... லேப்-டாப்பில் இருக்கும் கேபிளை எடுத்து புரொஜக்டரில் செருகுவார் சார். திரை ஓரிரு முறை கண் சிமிட்டும். அடுத்து, படம் பளிச்சென்று வந்து விடும்!

'இதுதான் திரையின் அளவு' என்று யாரும் லேப்-டாப்புக்குச் சொல்லவில்லை. பிறகு எப்படி தெரிந்தது?

திரை கண் சிமிட்டும் அந்த நேரத்தில், இரண்டு கருவிகளும் ரகசியமாகப் பேசிக் கொள்கின்றன. 'நீ யார்?' என்று கேட்கிறது லேப்-டாப். உடனே, தன் அடையாள அட்டையை நீட்டுகிறது புரொஜக்டர்!

ஊமை மானிட்டர்கள்!

முன்பெல்லாம் மானிட்டருக்குப் பேசத் தெரியாது. லினக்சில் கம்ப்யூட்டர் இயக்கியவர்கள், மானிட்டருடன் வந்த கையேட்டைப் புரட்டி, 'ஒரு நொடிக்கு எத்தனை முறை படம் வரையலாம்' என்பது போன்ற எண்களைத் தாங்களே டைப் செய்ய வேண்டியிருந்தது. எண் தவறினால் படம் உருளும். கோடு கோடாகத் தெரியும். சில பழைய மானிட்டர்கள் பழுதாகி விடும் ஆபத்தும் இருந்தது.

இதற்கு முடிவு கட்டியது, திரைகளுக்கான விதிகளை வகுக்கும், 'வெசா' என்ற அமைப்பு. 1994ல், 'இ.டி.ஐ.டி.,' என்ற அடையாள அட்டையை அது கொண்டு வந்தது.

அட்டையில் என்ன இருக்கும்?

மானிட்டருக்குள் இருக்கும் சிறு சிப்பில், 128 எண்கள் பதிந்திருக்கும். ஒவ்வொன்றும் 0 முதல் 255க்குள் இருக்கும். இதில் தான் தயாரித்த நிறுவனம், ஆண்டு, திரையின் அகலம், உயரம் எல்லாம் அடங்கியுள்ளன.

நிறுவனத்தின் பெயருக்கு மூன்றே எழுத்து. டெல் நிறுவனத்துக்கு, 'டி.இ.எல்.,' எல்.ஜி., நிறுவனத்துக்கோ, 'ஜி.எஸ்.எம்.,' அதன் பழைய பெயர் கோல்டு ஸ்டார். அந்தப் பெயரின் நினைவு அட்டையில் இன்னும் ஒட்டிக் கொண்டிருக்கிறது!

ஆண்டை எழுதுவதிலும் ஒரு தந்திரம் உண்டு. 255க்கு மேல் எண் கிடையாதே... 2010 என்று எப்படி எழுதுவது? 1990ஐக் கழித்து, 20 என்று மட்டும் எழுதி விடுவர்.

கடைசி எண் தான் காவல்காரர். 128 எண்களையும் கூட்டினால், 256ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும். வழியில் ஒரே ஓர் எண் மாறினாலும் குட்டு வெளிப்பட்டு விடும்.

வி.ஜி.ஏ., மற்றும் எச்.டி.எம்.ஐ., கேபிள்களில் இந்தப் பேச்சுக்கென்றே இரண்டு மெல்லிய கம்பிகள் உள்ளன. சிப்புக்கு வேண்டிய, 5 வோல்ட் மின்சாரத்தையும் கம்ப்யூட்டரே அனுப்பும். அதனால், மானிட்டர் அணைந்திருந்தாலும் பெரும்பாலும் அட்டையைப் படித்து விடலாம்.

மூன்று குழி எங்கே?

நீங்கள் ஒரு கேரம் விளையாட்டை கம்ப்யூட்டருக்காக எழுதுவதாக வைத்துக் கொள்வோம். உங்கள் திரையில் அகலத்தில் 1,920 புள்ளிகள். உயரத்தில் 1,080 புள்ளிகள். நடுவில் சதுரமாக போர்டை வரைந்து விட்டீர்கள்.

நண்பன் வீட்டு லேப்-டாப்பிலோ, 1,366க்கு 768 புள்ளிகள் தான். அங்கே விளையாட்டைத் திறந்தால், நான்கு குழிகளில் மூன்று திரைக்கு வெளியே போய் விடும்! பிறகு எப்படி காயைப் போடுவது?

'எல்லார் திரையும் என் திரை மாதிரி தான் இருக்கும்' என்று நினைத்ததால் வந்த வினை இது. வரைவதற்கு முன் திரையைக் கேட்டிருக்க வேண்டும்.

ஆனால், விண்டோசில் கேட்கும் முறை வேறு, மேக்கில் வேறு, லினக்சில் வேறு. மூன்றையும் கற்க வேண்டுமா? வேண்டாம்... அதற்குத் தான் மொழிபெயர்ப்பாளர் போன்ற மென்பொருட்கள் இருக்கின்றன. 1998ல் சாம் லாண்டிங்கா உருவாக்கிய, 'எஸ்.டி.எல்.,' அவற்றில் ஒன்று, 'ஜி.எல்.எப்.டபிள்யூ.,' இன்னொன்று. நாம் ஒரே மாதிரி கேட்டால் போதும். அந்தந்த கம்ப்யூட்டருக்குப் புரியும்படி அவை கேட்டுச் சொல்லும்.

ஜி.எல்.எப்.டபிள்யூ.,விடம் கேட்கக் கூடிய சில கேள்விகள்:

* எத்தனை மானிட்டர்கள் மாட்டியிருக்கின்றன?
* அதில் முதன்மையானது எது?
* அகலத்திலும், உயரத்திலும் எத்தனை புள்ளிகள்?
* நொடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது?
* திரை எத்தனை மில்லி மீட்டர் அகலம்?
* எந்த மானிட்டர் எந்தப் பக்கம் இருக்கிறது?

கடைசிக் கேள்வியின் பதில் வேடிக்கையானது. விண்டோசில், முதன்மை மானிட்டரின் இடது மேல் மூலை தான் பூஜ்ஜியம். அதன் வலப்பக்கம் இன்னொரு மானிட்டரை ஒட்டி வைத்தால், அது 1,920ல் தொடங்கும். அதே அளவு மானிட்டரை இடப்பக்கம் வைத்தால்... மைனஸ் 1,920! கணக்கு வகுப்பில் பார்த்த எண் கோடு, மேஜை மேலேயே வந்து விட்டது பாருங்கள்.

விளையாட்டின் நடுவே யாராவது கேபிளைப் பிடுங்கி விட்டால்? 'ஒரு மானிட்டர் போய் விட்டது' என்று உடனே தகவல் வரும். காணாமல் போன ஜன்னலை, மீதியுள்ள திரைக்கு இழுத்து வந்து விடலாம்.

பதிலும் பொய்யாகலாம்!

சில மானிட்டர்களின் அட்டையிலேயே அகலமும், உயரமும் தவறாகப் பதிந்திருக்கும். 'மில்லி மீட்டர் கணக்கை அப்படியே நம்பி விடாதீர்கள்' என்று, ஜி.எல்.எப்.டபிள்யூ.,வின் கையேடே எச்சரிக்கிறது. அதனால், நல்ல புரோகிராம் எழுதுபவர்கள் முதலில் திரையைக் கேட்பர். கிடைத்த பதிலைச் சரி பார்ப்பர். எழுத்தையும் படத்தையும் பெரிதாக்க, சிறிதாக்க நமக்கும் ஒரு வசதி வைத்து விடுவர்.

செய்து பாருங்கள் குட்டீஸ்!

விண்டோஸ் கம்ப்யூட்டரின் முகப்புத் திரையில், மவுசின் வலது பட்டனை அழுத்தி, 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' திறங்கள். உங்கள் திரையில் எத்தனை புள்ளிகள் என்று அங்கே இருக்கும். அகலத்தையும், உயரத்தையும் பெருக்கினால் மொத்தப் புள்ளிகள் கிடைக்கும். 1,920க்கு 1,080 என்றால், 20 லட்சத்து 73 ஆயிரத்து 600!

இதோ ஒரு புதிர்: ஒரு மானிட்டரின் அட்டையில், ஆண்டுக்கான இடத்தில் 18 என்று இருக்கிறது. அது எந்த ஆண்டில் பிறந்தது?

(விடை: 2008)