பனையேறிக்கு உறவு யார்?

காவிரியின் கிளை நதியான அரசலாறு காரைக்கால் அருகே கடலில் கலக்கிறது. அந்தப் பகுதியின் குளங்களும் வாய்க்கால்களும் கோடையில் வற்றிச் சேறாகும்போது பல மீன்கள் மடிந்துபோகின்றன. ஆனால் பனையேறிக் கெண்டை, விரால், தேளி ஆகிய மூன்றும் எளிதில் சாவதில்லை. செவுளால் நீரில் சுவாசிப்பதோடு, நீர்மட்டத்துக்கு வந்து காற்றையும் நேராகச் சுவாசிக்க இவற்றால் முடியும்.

இவற்றுள் பனையேறி உலகப் புகழ் பெற்றது. காரைக்காலுக்குச் சற்று வடக்கே உள்ள தரங்கம்பாடி அப்போது டேனிஷ்காரர்களின் வசம் இருந்தது. அங்கே 1791-ஆம் ஆண்டில் டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்த ஒரு மீனைப் பிடித்ததாக எழுதினார். அந்தக் குறிப்பு 1797-இல் லண்டன் லின்னேயஸ் சங்க வெளியீட்டில் அச்சாயிற்று. மரமேறும் கதையை ஐயுற்றவர்கள் பலர். எனினும், இந்த மீன் செவுள் மூடியின் முட்களை ஊன்றித் தரையில் நகர்ந்து செல்வது பலரும் கண்ட உண்மை.

மாணவ நண்பர்களே! பனையேறி, விரால், தேளி மூன்றும் ஒரே குளத்தில் வாழ்கின்றன. மூன்றும் காற்றைச் சுவாசிக்கின்றன. அப்படியானால் மூன்றும் நெருங்கிய உறவினர்கள்தாமா? கடலில் திரியும் வஞ்சிரம் இவற்றுக்குத் தூரத்து உறவா? இதற்கு விடை காண உயிரியல் அறிஞர்கள் கையாளும் கருவிதான் கிளைப்படம்.

நம் வீடுகளில் வம்சாவளி எழுதுவது உண்டல்லவா? உடன்பிறந்தவர்களுக்குப் பொது மூதாதையைக் காண ஒரு தலைமுறை மேலே போனால் போதும். பெரியப்பா பிள்ளைகளுக்கும் நமக்கும் இரண்டு தலைமுறை போகவேண்டும். பொது மூதாதை எவ்வளவு அண்மையில் இருக்கிறாரோ, உறவு அவ்வளவு நெருக்கம். கிளைப்படத்திலும் இதே விதிதான். அதில் ஒவ்வொரு கவையும் ஒரு பொது மூதாதையைக் குறிக்கிறது. சார்லஸ் டார்வின் 1837-இல் தம் குறிப்பேட்டில் இத்தகைய படம் ஒன்றைக் கிறுக்கி வைத்தார். 1859-இல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற நூலில் இருந்த ஒரே படமும் கிளைப்படமே.

ஆனால் எந்த ஒற்றுமையை வைத்துக் கிளை பிரிப்பது? இதற்குத் தெளிவான விதி வகுத்தவர் வில்லி ஹென்னிக் என்ற ஜெர்மன் பூச்சியியல் அறிஞர். அவருடைய நூல் 1950-இல் வெளிவந்தது. எல்லாரிடமும் உள்ள பழைய பண்பு உறவின் நெருக்கத்தைக் காட்டாது. ஒரு மூதாதையிடம் புதிதாகத் தோன்றி, அதன் வழிவந்தவற்றில் மட்டும் காணப்படும் பண்பே சான்றாகும் என்றார் அவர். முதுகெலும்பு நம் மீன்கள் எல்லாவற்றுக்கும் உண்டு. ஆகவே அதைக் கொண்டு அவற்றுக்குள் பங்காளி யார் என்று சொல்ல இயலாது.

இனி ஒரு தாளை எடுத்து வரையுங்கள். அடிமரத்திலிருந்து முதலில் பிரிவது சுறா. அதன் எலும்புக்கூடு குருத்தெலும்பால் ஆனது. எலும்பாலான கூட்டை உடைய மற்றவை ஒரே தண்டில் தொடர்கின்றன. அடுத்து அத்தண்டிலிருந்து பசுவுக்கு ஒரு கிளை. பிறகு தண்டு இரண்டாகப் பிரிகிறது. ஒரு பக்கம் தேளியும் கெளுத்தியும். இவற்றுக்குச் செதில் இல்லை, மீசை உண்டு. காற்றுப்பையைக் காதுடன் இணைக்கும் சங்கிலி போன்ற சிற்றெலும்புகளும் உண்டு. இதே எலும்புகள் உண்மையான கெண்டைகளுக்கும் இருக்கின்றன. பனையேறிக்கு இல்லை! ஆகவே அது பெயரளவில்தான் கெண்டை. மறுபக்கக் கிளையில் முதலில் வஞ்சிரம் பிரிகிறது. அதன் பிறகு பனையேறியும் விராலும் பிரிகின்றன. டி.என்.ஏ. ஒப்பீடுகளும் இவ்வாறே காட்டுகின்றன.

படத்தைப் பாருங்கள். பனையேறிக்குத் தன் குளத்துத் தோழன் தேளியைவிடக் கடல் வஞ்சிரமே நெருங்கிய உறவு! அப்படியானால் காற்றுச் சுவாசம்? உறுப்புகளைத் திறந்து பார்த்தால் உண்மை விளங்கும். பனையேறிக்குச் செவுளுக்கு மேலுள்ள அறையில் மடிப்பு மடிப்பான எலும்புத் தகடுகள். அவற்றின்மேல் இரத்தக்குழாய் நிறைந்த மெல்லிய சவ்வு. தேளிக்கோ, செவுள் அறையிலிருந்து உடலின் பின்புறம் வரை நீளும் இரு பைகள். வற்றும் குளம் என்ற ஒரே இடருக்கு இரு வேறு குலங்கள் தனித்தனியே கண்ட தீர்வு இது.

இன்னொரு வியப்பும் உண்டு. வஞ்சிரத்துக்குச் சுறாவைவிடப் பசு நெருக்கம்! நாமும் பசுவின் கிளைதான். ஆகவே ‘மீன்’ என்ற சொல் ஒரு முழுக் கிளையின் பெயரன்று. ஒரு கிளையை வெட்டி எடுத்தால் அதிலுள்ள எல்லாமும் சேர்ந்து வரவேண்டும். மீன்களை மட்டும் அப்படி வெட்ட முடியாது. பசுவும் நாமும் கூடவே வந்துவிடுவோம்.

ஓர் எச்சரிக்கை. கிளை நுனிகளின் வரிசையில் உயர்வு தாழ்வு எதுவும் இல்லை. எந்தக் கவையையும் திருப்பி இடம் வலமாக மாற்றி வரையலாம், உறவு மாறாது. நுனிகளைப் படிக்காதீர்கள், கவைகளைப் படியுங்கள்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. காரைக்கால் மீனவர்கள் ஓங்கல் என்று அழைக்கும் டால்பின் கடலில் நீந்துகிறது. உருவமும் மீன் போன்றதே. ஆனால் அது நுரையீரலால் சுவாசிக்கிறது, குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது. உங்கள் படத்தில் அதற்கு எங்கே கிளை வரைவீர்கள்?