ஆறு கிழமைக்கென்று வந்த நாய்

"வீட்டுக்குள்ள வைச்சோ நாய் வளர்க்கிறது? சாமிப்படம் இருக்கிற வீடடா!"

போன வருடம் யூலை மாதம் எங்கள் அம்மா சொன்னது இது. அம்மாவில் பிழை இல்லை. ஊரில் நாய் என்றால் படலையடியில் கிடக்கும், இரவில் குரைக்கும், மிஞ்சின சோற்றைக் கோடிப்புறத்தில் கொட்டினால் தின்னும். விசர்நாய்க் கடிக்குப் பயந்து வளர்ந்தவர்கள் நாங்கள். மூன்றாம் மாடி அப்பாட்மென்றில் குசினிக்கும் படுக்கை அறைக்கும் நடுவே நாய் திரிவதை எங்களில் பலர் நினைத்தும் பார்த்ததில்லை. ஆனால் இங்கு வளரும் பிள்ளைகள் விடுவார்களா? எங்கள் மகன் இரண்டு வருடமாக நச்சரித்தான்.

மொன்றியலில் நாயை விலைக்கு வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. 1869 ஆம் ஆண்டு தொடங்கிய மொன்றியல் எஸ்.பி.சி.ஏ. என்ற மிருகவதைத் தடுப்புச் சங்கம் கைவிடப்பட்ட நாய், பூனைகளைப் பராமரித்துத் தத்துக் கொடுக்கிறது. கனடாவில் இவ்வகையான முதற்சங்கம் இதுவே. கியூபெக்கில் பெரும்பாலான வீட்டு லீஸ்கள் யூன் 30 இல் முடிந்து யூலை 1 இல் புதிதாகத் தொடங்கும். நகரமே வீடு மாறும் அந்த நாட்களில், புதுவீட்டில் இடமில்லை என்று விடப்படும் மிருகங்களும் கூடிவிடும்.

சத்திரசிகிச்சை செய்து தேறிவருபவை, மிகச் சிறிய குட்டிகள், கூட்டுக்குள் நடுங்குபவை போன்றவற்றைச் சில கிழமைகளுக்கு வீட்டில் வைத்துப் பார்க்க ஆட்களைத் தேடுவார்கள். வைத்தியச் செலவு சங்கத்துடையது. அப்படிப் பார்ப்பவர்களைப் பிரெஞ்சில் 'வரவேற்கும் குடும்பம்' என்கிறார்கள். புதிதாக வந்த எங்கள் பிள்ளைகளைப் பிரெஞ்சு படிக்கவென்று முதலில் சேர்க்கும் வகுப்புக்கும் 'வரவேற்பு வகுப்பு' என்றுதானே பெயர்? அந்தச் சொல்லைக் கண்டதும் எனக்கு மனம் இளகிவிட்டது.

வந்தது ஒரு மண்ணிறப் பெட்டைநாய். பின்காலில் சத்திரசிகிச்சை. பெயர் காரமெல். ஆறு கிழமை வைத்திருக்க வீட்டுக்காரரும் வாயால் சம்மதித்தார்.

முதல் மூன்று நாளும் அது மேசைக்குக் கீழேதான். நான் பின்னேர வேலை முடிந்து நடுச்சாமத்தில் வருவேன். நாலாம் நாள் கதவைத் திறந்தபோது வாசலில் படுத்திருந்தது. அதற்குப் பிரெஞ்சு மட்டும்தான் விளங்கும். 'அசி' என்றால் இருக்கும், 'இரு' என்றால் முழிக்கும். அம்மா இந்த நாட்டுக்கு வந்து ஏழு வருடத்தில் சத்தமாகச் சொன்ன முதல் பிரெஞ்சுச் சொல் அந்த 'அசி'தான்!

ஒருநாள் அம்மா ஊர்ப்பழக்கத்தில் கறிவிட்டுக் குழைத்த சோற்றைக் கொண்டு போனார். நல்லகாலம், மனைவி கண்டுவிட்டார். வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தத்தைப் பழுதாக்கும். முந்திரிகை வற்றலும் சொக்கிலேற்றும் நஞ்சு.

ஆறாம் கிழமை சங்கத்திலிருந்து ரெலிபோன் வந்தது. கால் மாறிவிட்டது, இனித் தத்துக் கொடுக்கலாம், நீங்களே எடுக்கிறீர்களா என்று கேட்டார்கள். மகன் அழத் தொடங்கினான். நானும் "ஓம்" என்று சொல்லப் போனேன். அம்மா மறித்தார்.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்துச் சனம் இலட்சக்கணக்கில் தென்மராட்சிக்கு வெளிக்கிட்டபோது எனக்கு ஏழு வயது. எங்கள் நாய் வீமனின் சங்கிலியை அம்மாதான் அவிழ்த்துவிட்டார். நாவற்குழிப் பாலம் மட்டும் பின்னால் வந்தது. பிறகு சனநெரிசலில் காணவில்லை. 1996 இல் திரும்பிப் போனோம். வீடு கூரையில்லாமல் நின்றது, வீமன் இல்லை. இதை வாசிக்கும் உங்களில் பலருக்கும் இப்படி ஒரு நாயோ மாடோ இருந்திருக்கும்.

"எடுக்காமல் விடுறது பாவமில்லை," என்றார் அம்மா. "எடுத்துப்போட்டு விட்டிட்டுப் போறதுதான் பாவம். அண்டைக்கு எங்களுக்கு வேற வழியில்லை. இப்ப யோசிக்க நேரமிருக்கு. ஏலுமெண்டா வைச்சிரு, ஏலாட்டி இப்பவே குடு."

அன்றிரவு கடதாசியும் பேனையுமாக இருந்தோம். நாய் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். மகன் பள்ளிக்கூடம் முடித்துப் போனபிறகும் இருக்கும். மைனஸ் இருபது குளிரிலும் விடிய ஒருவர் வெளியே கொண்டு போகவேண்டும். வீதியில் போடும் உப்பு பாதத்தை எரிக்கும், வந்ததும் கழுவவேண்டும். இனி வைத்தியச் செலவும் எங்களுடையது. காலமை நான், பின்னேரம் மனைவியும் மகனும், பகலில் அம்மா துணை என்று எழுதிக் கலண்டரில் ஒட்டினோம்.

மிஞ்சியது லீஸ். ஒன்ராறியோவில் இருக்கும் சொந்தக்காரர் "மிருகம் வளர்க்கக்கூடாது எண்டு லீஸில எழுதினாலும் செல்லாது" என்பார்கள். அங்கே அது சரி. கியூபெக்கில் அப்படி எழுதியிருந்தால் பொதுவாகச் செல்லும். மீறினால் வீட்டுக்காரர் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். எங்கள் லீஸிலும் அந்த வரி இருந்தது. வீட்டுக்காரர் முதலில் மறுத்தார். ஆறு கிழமையில் அயலவர் ஒருவரும் முறையிடவில்லை என்று எடுத்துச் சொன்னபிறகு, சம்மதத்தை எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்தார். அதன் பிறகுதான் சங்கத்துக்கு "ஓம்" சொன்னோம்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 2015 இல் வந்த திருத்தத்தின்படி கியூபெக்கில் மிருகம் ஒரு பொருள் அல்ல, உணர்வுள்ள உயிர். 2020 மார்ச் முதல், நாய் எடுத்து 30 நாளுக்குள் நகரசபையில் பதிய வேண்டும். வெளியே கட்டும் வார் 1.85 மீற்றருக்கு மேல் போகக்கூடாது. 20 கிலோவும் அதற்கு மேலும் உள்ள நாய்க்கு உடல்வார் அல்லது தலைவார் வேண்டும். மொன்றியலில் கருத்தடையும் தோலுக்குள் வைக்கும் அடையாளச் சில்லும் கட்டாயம். சங்கத்தில் எடுத்தால் இவை இரண்டையும் செய்தே தருவார்கள்.

ஒன்று சொல்லவேண்டும். ஆறு கிழமை பார்த்துத் திருப்பிக் கொடுப்பவர்கள் இரக்கமில்லாதவர்கள் அல்ல. எல்லோரும் வைத்துக்கொண்டால் அடுத்த நாய்க்கு வீடு ஏது? கொடுத்துவிட்டு இன்னொன்றை ஏற்பதும் பெரிய உதவிதான்.

இப்போது வீட்டுக்கு வந்து முகம் சுளிப்பவர்களிடம் "அது வைரவற்ற வாகனம்" என்று அம்மாவே சொல்லிவிடுகிறார். 'அசி'யோடு 'இஞ்ச வா'வும் அதற்கு விளங்குகிறது.

நாய் கேட்டு உங்கள் பிள்ளையும் அழுதால், முதலில் லீஸை எடுத்து வாசியுங்கள். பிறகு, விடிய ஐந்து மணிக்கு யார் எழும்புவது என்று கேளுங்கள்.