திரும்ப மறுக்கும் வால்வு

நாச்சியார்கோயில் குத்துவிளக்கைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? கும்பகோணத்தை அடுத்த அவ்வூரில் செய்யப்படும் விளக்கு ஒரே துண்டு அன்று. அடித்தட்டு, தண்டு, அகல், உச்சிப் பகுதி ஆகியவற்றைத் தனித்தனியே வார்த்துக் கடைந்து, மரை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகுகிறார்கள். அடிக்கடி கழற்றித் துலக்கும் வீட்டில் இம்மரைகள் எளிதில் கழலும். ஓராண்டு பரண்மேல் கிடந்த விளக்கோ இருவர் பிடித்துத் திருகினாலும் அசையாது. காய்ந்து பிசினான எண்ணெயும் பச்சைக் களிம்பும் மரையின் இடுக்குகளை நிரப்பியிருக்கும்.

மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் உள்ள கேட் வால்வும் இவ்விளக்குக்கு உறவுதான். பித்தளை உடலுக்குள் மரையுள்ள ஒரு தண்டு, அதன் முனையில் ஆப்பு வடிவக் கதவு, மேலே கைச்சக்கரம். கீழே ஒரு குழாய் உடைந்து, தொட்டியிலுள்ள 1000 லிட்டரும் வீட்டுக்குள் இறங்கத் தொடங்கும் நாளில்தான் நாம் அதைத் தேடி ஓடுகிறோம். பல ஆண்டுகள் தொடாமல் விட்ட வால்வு அன்று அசைய மறுக்கும்.

நீரின் அழுத்தமே அதை இறுக்குகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். கணக்கிட்டுப் பார்ப்போம். தொட்டி நீர்மட்டம் வால்வுக்கு 5 மீட்டர் மேலே இருந்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ எடை அழுத்தும். கதவின் விட்டம் 2.5 சென்டிமீட்டர், பரப்பு ஏறத்தாழ 5 சதுர சென்டிமீட்டர். முழுதும் மூடிய நிலையில்கூடக் கதவின்மேல் விழும் விசை இரண்டரைக் கிலோ எடைதான்! திறந்த நிலையில் கதவு நீரின் வழியை விட்டு மேலே ஏறி நிற்பதால் அதுவும் இல்லை. ஆகவே குற்றவாளி நீர் அன்று. நீர் விட்டுச்சென்ற பொருள். ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட், தண்டின் ஓரம் கசிந்து உலரும்போது கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. சுண்ணாம்புக் கல்லும் இதே பொருள்தான். அசையாத பரப்புகளிடையே உராய்வு நேரத்தோடு கூடுவதைக் கூலும் 1785-லேயே எழுதியிருக்கிறார். இங்கே அதற்குமேல் கல்லும் சேர்ந்துவிட்டது.

உடனே பைப் ரெஞ்சைத் தேடுவது இயல்பு. அங்கேதான் ஆபத்து. 3 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரத்தின் விளிம்பில் 100 நியூட்டன் விசை தந்தால் திருப்புத்திறன் 3 நியூட்டன் மீட்டர். அதே விசையை 30 சென்டிமீட்டர் ரெஞ்சின் முனையில் தந்தால் 30. ஆனால் 8 மில்லிமீட்டர் பித்தளைத் தண்டு, பித்தளையின் வகையைப் பொறுத்து, 10 முதல் 20-க்குள்ளேயே நிலையாக முறுகத் தொடங்கிவிடும். நெம்புகோல் விசையைப் பெருக்கும். தண்டின் வலிமையைப் பெருக்காது.

காபி பில்டரின் மேற்பாத்திரம் கீழ்ப்பாத்திரத்தில் சிக்கிக்கொண்டால் வீட்டில் என்ன செய்கிறார்கள்? கீழ்ப்பாத்திரத்தின்மேல் வெந்நீர் ஊற்றுகிறார்கள். வெளிப்புறம் முதலில் சூடேறி விரிகிறது. வால்வின் தலைப்பகுதியில் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றினாலும் இதுவே நடக்கும். 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள பித்தளை வளையம் 50 டிகிரி சூடேறினால் விட்டம் 0.02 மில்லிமீட்டர் அளவே கூடும். அற்பம்தான், ஆயினும் நொறுங்கும் இயல்புள்ள சுண்ணாம்புப் படிவில் விரிசல் விழ அது போதும். குழாய் பி.வி.சி. ஆனால் தீ காட்டவே கூடாது, அது இளகிவிடும்.

பித்தளைப் பாத்திரத்துக்குப் புளி போடும் ஊரில் அடுத்த வழியைச் சொல்லவும் வேண்டுமா? எலுமிச்சைச் சாறோ வினிகரோ நனைத்த துணியை அரைமணி நேரம் தண்டின் அடியில் சுற்றி வையுங்கள். அமிலத்தில் கார்பனேட் நுரைத்துக் கரையும். பிறகு நன்றாகக் கழுவிவிட வேண்டும். அமிலம் நெடுநேரம் தங்கினால் பித்தளையிலுள்ள துத்தநாகத்தையும் அரிக்கும். மண்ணெண்ணெய் நுண்ணிய இடுக்கிலும் நுழையும் என்றாலும் குடிநீர்க் குழாயில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனிக் கையால் மட்டும் திருப்புங்கள். தண்டைச் சுற்றியுள்ள கிளாண்ட் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தினால் பிடி குறையும். சில சொட்டு கசிந்தால் பிறகு இறுக்கிக்கொள்ளலாம். ஒரே திசையில் முக்காமல், மூடும் பக்கம் சிறிது, திறக்கும் பக்கம் சிறிது என மாறி மாறி அசையுங்கள். உடைந்த படிவு மரையிலிருந்து மெல்ல வெளியேறும். முழுதும் மூடித் திறந்தபின், கடைசி வரை இறுக்காமல் கால் சுற்றுப் பின்னால் திருப்பி நிறுத்துங்கள். அடுத்த முறை இரு பக்கமும் அசைக்க இடம் இருக்கும்.

தண்டு ஏற்கெனவே முறிந்து, வீட்டில் நீரும் பாய்ந்துகொண்டிருந்தால்? மோட்டாரை நிறுத்திவிட்டு, பெரியவர் ஒருவர் தொட்டியின் உட்புறம் குழாய் தொடங்கும் வாயில் ஈரத்துணியை இறுகச் சுருட்டி அடைக்கட்டும். இந்த இடத்தில் நீரின் அழுத்தம் நம் பக்கம். துணியை வாயோடு சேர்த்து அதுவே அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.